கவசத்துக்கு இடை எங்கே? நான்கு மாதிரிகளும் ஒரு நடுவயது உடம்பும்

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் என் பள்ளிக்கால நண்பன் ஒருவன் ஐந்தாறு வருடமாகப் பழைய ஐரோப்பிய வாள்பயிற்சியே கதியென்று கிடக்கிறான். அடுத்தது கவசமாம். போன மாதம் வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பி, "இதுல எதைப் பார்த்துச் செய்யச் சொல்லலாம் மச்சான்?" என்று கேட்டிருந்தான். கொல்லர் முன்பணம் கேட்கிறார், செய்து முடிக்க ஒரு வருடம் ஆகும் என்கிறார். கீழே இன்னொரு வரி: "ஆனா எல்லாமே குட்டையா இருக்கே. அந்தக் காலத்து ஆளுங்க அவ்வளவு சின்னவங்களா?"

நான் கவசம் செய்கிறவன் இல்லை. அப்பா தையல்கடை வைத்திருந்தார். இஞ்சு டேப்போடு வளர்ந்ததால், எந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் எல்லோரும் வாளைப் பார்க்கும்போது நான் சட்டையைப் பார்ப்பேன். அதனால்தான் என்னிடம் கேட்டிருக்கிறான். அவனுடைய இரண்டாவது வரிக்குப் பதில் சொல்லாமல் முதல் கேள்விக்குப் போக முடியாது.

ஆட்கள் சின்னவர்கள் இல்லை. இங்கிலாந்தில் 1461ல் நடந்த டவுட்டன் போரில் இறந்தவர்களின் கூட்டுக்குழி ஒன்று 1996ல் கிடைத்தது. அந்த எலும்புகளை அளந்து பார்த்தபோது சராசரி உயரம் ஏறத்தாழ 171 செ.மீ. வந்தது. என் நண்பனும் அவ்வளவுதான். சிறுவர்களுக்காகச் செய்த கவசங்களும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பெரியவர்களுடையது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் வேறு. மார்புத்தகடு எங்கே முடிய வேண்டும் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

தமிழில் இதற்கு வசதியாக இரண்டு சொல் இருக்கிறது. இடை வேறு, இடுப்பு வேறு. இடை என்பது விலா எலும்பு முடிந்து உடம்பு மடங்கும் இடம், தொப்புளை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ. இடுப்பு அதற்குக் கீழே, எலும்பு புடைக்கும் இடம். நாம் பேன்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு அதையே இடை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். 14, 15ஆம் நூற்றாண்டுக் கவசம் இடையில் முடியும். அங்கேதான் அது இறுக்கமாகப் பிடித்து, பிறகு வெளிப்பக்கம் லேசாக விரிந்து, இடுப்பெலும்பின் மேல் உட்காரும். மலையேறும் பையின் இடுப்புப் பட்டை தோளின் பாரத்தைக் கீழே இறக்குகிறதே, அதே வேலை. இடைக்குக் கீழே இருப்பதைப் பாவாடை மடிப்பு போல ஒன்றன்மேல் ஒன்று நகரும் தகட்டு வளையங்கள் பார்த்துக்கொள்ளும். மார்புத்தகட்டைப் பேன்ட் பெல்ட் வரை நீட்டினால் குனியும்போது கீழ்விளிம்பு தொடையிலோ அடிவயிற்றிலோ குத்தும், மேல்விளிம்பு தொண்டையில் இடிக்கும். சோதித்துப் பார்க்கத் தீனி வரும் அட்டைப்பெட்டி ஒன்று போதும். கழுத்துக் குழிக்கு இரண்டு விரல் கீழே தொடங்கிப் பெல்ட் வரை வெட்டி நெஞ்சில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "தாடைய குத்துது" என்று பதில் வந்தது. கழுத்துக் குழியிலிருந்து அவன் பெல்ட் வரை 47 செ.மீ., இடை வரை 37. அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் அவன் கண்ணுக்குக் "குட்டை".

இன்னொரு கண்மயக்கும் உண்டு. பழைய கவசங்களின் இடை படத்தில் நம்ப முடியாத அளவுக்கு ஒல்லியாகத் தெரியும். அதில் பாதி உண்மை, பாதி வடிவம். இடைப் பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நல்ல கவசம் உருண்டையாக இருக்கும். இன்று மலிவாகச் செய்து விற்பவை தட்டையான நீள்வட்டமாக இருக்கும். 83 செ.மீ. சுற்றளவை வட்டமாக வளைத்தால் முன்னாலிருந்து பார்க்க அகலம் 26 செ.மீ. சொச்சம். அதே சுற்றளவை நீள்வட்டமாக்கினால் 32 அகலம், 20 ஆழம். ஒரே இடைதான், ஆனால் படத்தில் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். ஆகவே முன்னாலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கவசத்தின் அளவையும் பேசக் கூடாது. பக்கவாட்டுப் படம் இல்லையென்றால் கொல்லரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

உள்ளே போடும் பஞ்சுச்சட்டையையும் கழிக்க வேண்டும். அது ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்றால் சுற்றளவில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். தகட்டின் உள்சுற்று 90 என்றால் உள்ளே இருந்த ஆளின் இடை 84க்குப் பக்கம். மார்புத்தகடும் முதுகுத்தகடும் விலாவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்பதை மறந்து இரண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டுகிறவர்கள் இன்னும் தப்பான எண்ணுக்குப் போய்ச் சேருவார்கள்.

சரி, அருங்காட்சியகத்தில் நிற்பதையாவது நம்பலாமா என்றால், அதிலும் ஜாக்கிரதை வேண்டும். தோல்வார்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் மாற்றியவை. எந்தத் துளையில் பக்கிள் மாட்டியிருக்கிறது என்பது பழைய சொந்தக்காரரின் வயிற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. மாட்டிய ஊழியரின் பொறுமையைச் சொல்லலாம். இத்தாலியில் மாந்துவாவுக்கு அருகே குர்த்தாத்தோனேவில் அன்னை மரியாவின் பெயரில் ஒரு கோயில் இருக்கிறது. அங்கே நேர்த்திக்கடன் சிலைகளின் மேல் கறுப்பு வண்ணம் பூசிய கவசங்கள் நூற்றாண்டுகளாக நின்றன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் ஜேம்ஸ் மான் என்ற ஆங்கிலேய அறிஞர் அவை அசல் 15ஆம் நூற்றாண்டு எஃகு என்று அடையாளம் கண்டார். ஆனால் ஒரு சிலையின் மேல் இருந்த துண்டுகள் எல்லாம் ஒரே ஆளுடையவை அல்ல. அவர் பிரித்து அடுக்கியதை, பின்னால் வந்த இத்தாலிய அறிஞர் லியோனெல்லோ போச்சா வேறு விதமாக அடுக்கினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், கிரேக்கத் தீவான யூபோயாவின் கால்கிஸ் கோட்டையில் கிடைத்த துண்டுகளைக் கொண்டு 1920களில் அங்கே கவசங்களைக் கவனித்துவந்த பாஷ்ஃபர்ட் டீன் ஒரு முழுக்கவசத்தை உருவாக்கி நிறுத்தினார். இல்லாத பாகங்களைப் புதிதாகவும் செய்து சேர்த்தார். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அதன் தோளகலத்துக்கும் இடைக்கும் உள்ள விகிதம் டீனுடைய கணிப்பு, 1400ஆம் ஆண்டு மனிதனுடையது இல்லை.

இனி அவனுடைய நான்கு படங்கள்.

முதலில் கோத்திக், அதாவது 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பாணி. அவனுக்கு மிகவும் பிடித்தது அதுதான், அதனால் அதை முதலில் கழித்துவிடுகிறேன். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆல்ப்ஸ் மலைநாடான டிரோலை ஆண்ட சிகிஸ்முண்டின் கவசம். ஆக்ஸ்பர்க் நகரத்து லோரென்ஸ் ஹெல்ம்ஷ்மிட் 1480களில் செய்தது. நம் கவிஞர்கள் துடியிடை என்று பாடுவார்களே, உடுக்கையைப் போல நடுவில் சிறுத்த இடை, அதை எஃகில் பார்க்க வேண்டுமென்றால் இங்கே பார்க்கலாம். விசிறி மடிப்பு போன்ற வரிகள் நெஞ்சிலிருந்து கிளம்பி இடையில் வந்து குவிகின்றன; இருக்கும் இடையை இன்னும் ஒடுக்கிக் காட்டும் தந்திரம் அது. ரவிக்கையில் டார்ட் பிடிக்கிற யாருக்கும் இது தெரிந்த வித்தைதான். இதில் சுவாரசியம் என்னவென்றால், சிகிஸ்முண்ட் 1427ல் பிறந்தவர். கவசம் செய்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அந்த வயதில் அந்த இடை என்றால், கவசம் உடம்பை அளந்தது பாதி, அந்தக் காலத்து மோகத்தை அளந்தது பாதி. ஆனால் இந்த அழகு முழுவதும் இடையின் ஒடுக்கத்தில் இருக்கிறது. அங்கே 8 செ.மீ. தளர்த்தினால் வரிகள் குவியாது, கீழே விரியும் பகுதி எடுபடாது, கடைசியில் வரி போட்ட தண்ணீர் டிரம் மாதிரி ஆகிவிடும். என் நண்பனின் இடை 94. வேண்டாம்.

அடுத்தது விஸ்பி. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் மன்னர் வால்டெமாரின் படை, இன்றைய சுவீடனின் கோட்லாந்து தீவில் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே உள்ளூர் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. கோடை வெயில். பிணங்கள் அழுகத் தொடங்கியதால் கவசத்தைக்கூடக் கழற்றாமல் பலரைக் கூட்டுக்குழியில் தள்ளிவிட்டார்கள். அதனால்தான் நமக்கு இருபத்தைந்து உடற்கவசங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை சுவீடன் ஆய்வாளர் பெங்ட் தோர்டெமான் 1939-40ல் விரிவாகப் பதிவு செய்தார். இவற்றில் பெரும்பாலானவை தோலின் அல்லது துணியின் உள்பக்கம் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த சட்டைகள். பல முதுகுப் பக்கம் மூடுபவை. போருக்கு வந்தபோதே பழசாகிவிட்ட கவசங்கள் இவற்றில் உண்டு.

பொருத்தம் பார்க்கிறவனுக்கு விஸ்பியில் ஒரு நன்மை, ஒரு கெடுதல். நன்மை, இவை உண்மையிலேயே போட்டுக்கொண்டு சண்டை போட்டவை. யாரும் பின்னால் வந்து துண்டு மாற்றி ஒட்டவில்லை, அரண்மனைச் சுவரில் அழகுக்கு மாட்டவில்லை. கெடுதல், துணியும் தோலும் மக்கிப் போய்விட்டன. மண்ணில் மிச்சமிருந்தவை தகடும் ரிவெட்டும்தான். ரிவெட்டின் தண்டு நீளத்தை வைத்துத் தோலின் தடிமனைக் கணிக்கலாம், தகடுகள் கிடந்த வரிசையை வைத்து எது எதன் மேல் ஏறியது என்று சொல்லலாம். ஆனால் சட்டை எவ்வளவு தொளதொளப்பு என்பது மண்ணோடு போய்விட்டது. அதனால் இதைச் செய்கிறவர்கள் அவரவர் இஷ்டத்துக்குச் செய்கிறார்கள், பெரும்பாலும் கோணிப்பை மாதிரி. இடையில் பிடிக்காமல் தோளில் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். இறுக்கித் தைத்தால் அருமையான சாதனம், நான்கு மாதிரிகளில் செலவு குறைவாக வருவதும் இதுதான். உடம்பு ஏறினால் தோல்வாரைத் தளர்த்தலாம், பக்கத்தில் ஒரு தகடு சேர்க்கலாம். கையில் பணம் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய் என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாவது மிலான். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. கிளாஸ்கோவின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் "அவான்" என்று பெயர் பெற்ற கவசம் இருக்கிறது. பிரெஞ்சில் "முன்னே" என்று பொருள்படும் அந்தச் சொல் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். 1440ஐ ஒட்டி மிலானில் கோரியோ பட்டறையில் செய்தது, எடை 26 கிலோவுக்குப் பக்கம். இரண்டு வருடம் முன்பு அதன் முன்னால் நின்றபோது மற்றவர்கள் தலைக்கவசத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குத்துக்காலிட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன். மார்பு இரண்டு துண்டு. மேல்துண்டு நெஞ்சை மூடுகிறது; கீழ்த்துண்டு இடையிலிருந்து மேலேறி நடுவில் கூம்பாகி, ஒரு தோல்வாரால் மேல்துண்டோடு சேர்கிறது. இரண்டுக்கும் நடுவே அசைவு இருக்கும். குனிந்தால் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். முதுகுப் பக்கமும் ஒரே தகடு அல்ல, பல துண்டுகள். ஆக ஒரே நீளத்தில் செய்த மார்புத்தகட்டுக்கு இல்லாத ஒரு மன்னிப்பு இதில் உண்டு. ஆள் ஒரு சென்டிமீட்டர் நெட்டை குட்டை என்றாலும் நடுவில் உள்ள தோல்வார் சமாளித்துவிடும்.

அக்குள் வெட்டைப் பாருங்கள். முன்பக்கம் ஆழமாக உள்ளே போயிருக்கும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன் சேர்த்து ஈட்டியையோ வாளையோ பிடிக்க வேண்டும் என்பதால் மார்புத்தகட்டின் மேல்பகுதி நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறுகல். தோள் முழுவதும் மூடினால்தான் பத்திரம் என்று எண்ணி அகலமாகச் செய்யச் சொல்கிறவர்கள், பிறகு கை குறுக்கே வரவில்லை என்று அழுவார்கள். அந்த இடைவெளியை மூடுவது வளையச்சட்டையின் (இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை) துண்டும் தோள்கவசமும். அது மார்புத்தகட்டின் வேலை அல்ல.

மிலான் கவசத்தைச் சரிபார்க்க வேறு எந்த வகைக்கும் இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் வார்விக் நகரில் புனித மரியா ஆலயத்தில், 1439ல் இறந்த ரிச்சர்ட் பீச்சம் பிரபுவின் முலாம் பூசிய உலோகச் சிலை கல்லறைமேல் படுத்திருக்கிறது. படுத்த சிலைக்கு முதுகு யாருக்குத் தெரியப் போகிறது என்று வார்த்தவர்கள் விட்டுவிடவில்லை. முதுகுத்தகடு, கீல், பக்கிள், வார் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கவசம் இத்தாலிய பாணி. எந்தப் பக்கம் கீல், எந்தப் பக்கம் வார், இடை எந்த உயரம் என்று எஃகையும் சிலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அப்படியானால் இதையே செய்யலாமே? செய்யலாம், கொல்லர் பக்கத்துத் தெருவில் இருந்தால். இத்தனை துண்டுகளும் ஒன்றோடொன்று சறுக்க வேண்டுமென்றால் குறைந்தது மூன்று நான்கு முறை உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். என் நண்பனின் கொல்லர் போலந்தில். அளவைத் தபாலில் அனுப்பி மிலான் கவசம் வாங்குவது கடையில் தொங்கும் கோட்டை அளவு பார்க்காமல் கல்யாணத்துக்கு வாங்குவது மாதிரி. நடக்கும். பொத்தான் மட்டும் போட முடியாது.

கடைசிப் படம் சுர்பர்க். இன்றைய இத்தாலியின் தெற்கு டிரோலில், ஷ்லுதர்ன்ஸ் ஊருக்கு மேலே நிற்கும் கோட்டை. மாட்ஷ் பிரபுக்களுடையது, பிறகு டிராப் குடும்பத்துக்கு வந்தது. அந்தக் குடும்பத்துக் கவசங்கள் பல இன்னும் அங்கேயே இருக்கின்றன. கிளாஸ்கோ கவசமும் அங்கிருந்து போனதுதான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த ஒரு மார்புக்கவசம் அங்கே இருக்கிறது, பட்டியலில் எண் 13. நடுவில் ஒரு பெரிய உருண்ட தகடு, இரண்டு பக்கமும் விலாவைச் சுற்றி வரும் சிறிய தகடுகள், எல்லாவற்றையும் இணைப்பவை தோல்வார்கள். விளிம்பில் பித்தளைக் கரை. அதில் லூக்கா நற்செய்தியின் லத்தீன் வாசகம்: இயேசுவோ அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். போர்க்களத்துக்குப் போகிறவன் நெஞ்சில் எழுதிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வரி இல்லை. கந்தசஷ்டி கவசம் சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போன நமக்கு இது புரியும்.

இந்தக் கவசத்துக்கு முதுகுத்தகடு கிடையாது. முதுகில் குறுக்கே ஓடும் வார்கள்தான். அதாவது இதை அணிந்தவரின் இடை எத்தனை அங்குலம் என்பது இதை வைத்துச் சொல்லவே முடியாது. அளவு ஆராய்கிறவனுக்கு ஏமாற்றம், அணிகிறவனுக்கு வரப்பிரசாதம். நெஞ்சின் உருட்டு எங்கே உச்சம் என்று மட்டும் கவனிக்க வேண்டும்: மார்பின் நடுவில், தொப்பை மேல் அல்ல. உச்சம் கீழே இறங்கிவிட்டால் யாருக்கும் பானை வயிறு வந்துவிடும். அந்த உச்சத்திலிருந்து தகடு உள்ளே வளைந்து இடையில் முடிய வேண்டும். அந்தக் காலத்து உடுப்பும் இதே வடிவம்தான். 1364ல் பிரான்சின் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரில் இறந்த ஷார்ல் த புளுவாவினுடையது என்று சொல்லப்படும் சட்டை ஒன்று லியோன் ஜவுளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பஞ்சு வைத்து உருட்டிய நெஞ்சு, ஒட்டப் பிடித்த இடை, அக்குளைத் தாண்டி நெஞ்சுக்குள் வரும் பெரிய கை வெட்டு. கையை எப்படித் தூக்கினாலும் சட்டை மேலே ஏறாது. இந்தத் தையலும் சுர்பர்க் தகடும் ஒரே உடம்பைப் பற்றிப் பேசுகின்றன.

ஆகவே நான் சுர்பர்க்கைச் சொன்னேன். முதுகு திறந்திருப்பது குறைதான், மல்யுத்தம் மாதிரிக் கட்டிப் புரளும் பயிற்சியில் அது தெரியும். உள்ளே வளையச்சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், எடை கூடும். ஆனால் தபாலில் அளவு அனுப்பி நம்பிக்கையோடு வாங்கக்கூடிய எஃகு இந்த நாலில் இது ஒன்றுதான். துல்லியமாக இருக்க வேண்டியது நடுத்தகட்டின் நீளமும் இரண்டு அக்குளுக்கு நடுவே உள்ள அகலமும் மட்டும். மற்றதை வார் பார்த்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிப் பிறந்த கவசம் கர்ணனுக்கு மட்டும்தான் வாய்த்தது.

அவன் கொஞ்ச நேரம் கோத்திக்குக்காக வாதாடினான். எட்டாம் ஹென்றிக்கு 1540ல் செய்த கவசத்தின் இடை 51 அங்குலத்தைத் தொடுகிறது, குண்டான ஆளுக்கும் அழகாகச் செய்திருக்கிறார்களே என்றான். செய்திருக்கிறார்கள். அரண்மனையிலேயே பட்டறை வைத்து. அத்தோடு அந்த வாதம் முடிந்தது.

கொல்லருக்குக் கழுத்துக் குழியிலிருந்து இடை வரை 37 செ.மீ. என்று எழுதி அனுப்பியபோது, நிச்சயமாகத்தானா, வாடிக்கையாளர்கள் வழக்கமாக இன்னும் நீளமாகக் கேட்பார்களே என்று பதில் வந்ததாம். நல்ல அறிகுறி, கேட்கத் தெரிந்த கொல்லர். முன்பணம் அனுப்பியாயிற்று. ஆனால் தகடு வெட்டுவதற்கு முன் பஞ்சுச்சட்டை தைத்து முடித்து, அதைப் போட்டுக்கொண்டு மறுபடி அளவெடுத்து அனுப்ப வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன். சட்டைக்கான பேப்பர் கட்டிங்கை அப்பா செய்வது போலப் பழுப்புக் காகிதத்தில் நானே வெட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று இடை அளவை மறுபடி எடுத்து அனுப்பினான். தீபாவளிக்கு அப்புறம் எடுத்த அளவு அது. இரண்டு சென்டிமீட்டர் கூட.